கப்பலுக்குத் தேங்காய் உடைத்தவள்

கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவில் ஆம்பிளைகள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெண் ஒரே ஒரு வாக்கியம் பேசுவாள். அந்த ஒன்றையும் அட்டையில் அச்சடித்து அவள் கையில் கொடுத்துவிடுவார்கள், பாவம், மறந்துவிடப் போகிறாளே என்று. அதைப் படித்துவிட்டுக் கப்பலின் மூக்கில் தேங்காயை உடைக்க வேண்டும். கப்பல் தண்ணீரில் இறங்கும். பேண்டு முழங்கும். எல்லோரும் கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

இது கடற்படை வழக்கம். கப்பலுக்கு ஒரு பெண்தான் பெயர் சூட்ட வேண்டும், அநேகமாக அன்றைய சிறப்பு விருந்தினரின் மனைவி. அதோடு விடமாட்டார்கள். அன்றிலிருந்து அவள் அந்தக் கப்பலுக்குத் தாய் மாதிரி. கப்பல் சேவையில் சேரும் நாளில் அவளைக் கூப்பிடுவார்கள், வருஷா வருஷம் வாழ்த்து அனுப்புவார்கள், இன்னாருடைய மனைவி என்று போட்டு அவள் படத்தைக் கப்பலுக்குள் மாட்டி வைப்பார்கள்.

என் கணவர் பிரேம்நாத் கடற்படையில் வைஸ் அட்மிரல். பாலாற்றுப் பக்கம் திமிரியில் பள்ளிக்கூட வாத்தியார் மகன். இந்த மாதிரி விழாக்களில் பேசுவதற்கென்றே பிறந்தவர். முதலில் சிரிக்க வைப்பார், அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்குவார், கடைசியில் தேசத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். முன்வரிசை அம்மாக்கள் கர்ச்சீஃபைத் தேடுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வருமா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவேன்.

ஏனென்றால் வீட்டில் அவர் என்னிடம் பேசுவதில்லை.

சண்டை என்றால்கூடப் பரவாயில்லை, சண்டைக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. ஆரம்பத்தில் ஏதோ கோபத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு மாதம். அப்புறம் அதுவே வீட்டு ஒழுங்காகிவிட்டது. பெரிய அதிகாரிகள் வீட்டில் சமைத்துப் பரிமாறக் கடற்படையே ஒரு ஸ்டூவர்டைக் கொடுக்கும். எங்கள் வீட்டில் இருந்தவர் ஒடிசாக்காரர், நரைத்த மீசை, பெண்ணைக் கட்டிக்கொடுத்த மனிதர். சாப்பாட்டு மேஜையில் நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே இவர் அவரிடம் சொல்வார்: "மேடத்திடம் சொல், பருப்பில் உப்பு அதிகம்." அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் திரும்பி, "மேடம், பருப்பில் உப்பு அதிகமாம்" என்பார். நானும் அவரிடமே, "சரி என்று சொல்லுங்கள்" என்பேன். இப்படியே வருஷங்கள் ஓடின. கனடாவில் இருக்கும் மகள் நிஷாவிடம் போனில் சொன்னால், "அப்பா எப்பவும் அப்படித்தானேம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வருஷம் விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் விழா. காலையில் என் தம்பி வசந்த் ஆம்பூரிலிருந்து இவருக்குப் போன் செய்திருக்கிறான், அப்பா தவறிவிட்டார் என்று. விழாவுக்கு நான் போன் எடுத்துப் போகக் கூடாது என்பது இவர் வைத்த சட்டம். இவர் தன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நன்றாகத்தான் பேசினார். சாயங்கால விருந்தில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஸ்டூவர்ட் என் முன்னால் வந்து நின்றார். "மேடம், உங்கள் அப்பா காலமாகிவிட்டாராம். காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டாயிற்றாம். ஐயா சொல்லச் சொன்னார்." சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். இவர் உள்ளே ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு ஆம்பூர் வந்தவள் நான், திரும்பிப் போகவில்லை.

அப்பா சாமுவேல் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து கட்டிய வீடு அது, சர்ச் தெருவில். தம்பி வசந்தும் அவன் மனைவி சோபனாவும் பிள்ளைகளோடு அதில் இருக்கிறார்கள். ஊருக்கு, முட்டி வலி, வேலூரில் வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன். இந்தப் பக்கத்தில் வேலூர் வைத்தியம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வசந்திடமும் அதையேதான் சொன்னேன். அவனுக்கு மாமா என்றால் உயிர். ஹாலில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாமாவின் யூனிஃபார்ம் படம் தொங்குகிறது, இயேசுவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.

சோபனாவை ஏமாற்ற முடியவில்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் எவள் ஊசியில் நூல் தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்க்கிற கண். ஒரு நாள் என் போன் அடித்தபோது கேட்டாள்.

"இன்னா அண்ணி இது, போன் அடிச்சா எழுந்து நிக்கறீங்க?"

எனக்கே அது தெரியாது. அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "முன் ரூம் உங்களுது. நான் இருக்கற வரைக்கும் உங்கள யாரும் எழுப்ப முடியாது" என்றாள். கட்டில், மின்விசிறி, தெருவைப் பார்த்த ஜன்னல். சாயங்காலம் சபை ஹாலில் கம்பெனிப் பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் என்னை டீச்சர் என்றார்கள். முப்பது வருஷமாக மேடம் என்று கேட்ட காதுக்கு அது அமுதமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் யார் மூலமாகவும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறைக்காக நான் எதையும் கொடுப்பேன். கொடுக்கவும் செய்தேன், கேளுங்கள்.

இந்த வருஷம் கடற்படை ஒரு புதுக் கப்பலுக்குப் பாலாறு என்று பெயர் வைக்க முடிவு செய்தது. மழைக்கு மட்டும் ஓடுகிற எங்கள் ஆற்றை எந்தப் புண்ணியவான் நினைத்துக்கொண்டானோ தெரியாது. சென்னைக்கு வடக்கே கப்பல் கட்டும் தளம் ஒன்றில் அது தயாராகியிருந்தது. பாலாற்றுப் பக்கத்து அதிகாரி என்று இவரையே சிறப்பு விருந்தினராகப் போட்டார்கள். அப்படியென்றால் பெயர் சூட்டும் பெண் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்னால் கொடி வைத்த வெள்ளைக் கார் சர்ச் தெருவில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. இவர் இறங்கி எல்லோருக்கும் கை கொடுத்தார், சிறுபிள்ளைகளுக்கு சல்யூட் வைத்தார். ஹாலில் உட்கார்ந்து அழைப்பிதழை மேஜையில் வைத்தார். அதில் என் பெயர் பொன் எழுத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் வசந்தைப் பார்த்துச் சொன்னார்.

"வசந்த், அக்காவக் கேளு, அந்தத் தேதி சௌகரியப்படுமான்னு."

வசந்த் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா, புது மாப்ள மாதிரி வெக்கப்படறீங்க? யக்கா, மாமா கேக்கறாரு, சௌகரியமான்னு!"

ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை. ஒடிசாக்காரர் இருந்த இடத்தில் இப்போது என் தம்பி.

அதற்குப் பிறகு நான் முடியாது என்று சொல்ல இடமே கிடைக்கவில்லை. மறுநாள் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள், என் படத்துக்குப் பின்னால் எங்கிருந்தோ எடுத்த கப்பல் படம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அறிவித்தார். வசந்த் டூரிஸ்ட் பஸ் பேசினான். பக்கத்து வீட்டு தில்ஷாத், சின்ன வயசிலிருந்து என் தோஸ்த், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அரே பிரிசில்லா, கப்பலுக்கே அம்மாவாயிட்டியே! பஸ்ல எனக்கு முன் சீட்டு போட்டு வை. எனக்கு பின்னால உக்காந்தா தலை சுத்தும்."

வசந்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை அவன் தையல்காரரிடம் கோட்டு அளவு கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை அப்பாவின் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, "அப்பா இருந்திருந்தா இன்னா சந்தோசப்பட்டிருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் என்ன சொல்வது?

என் ஆசையையும் மறைக்க மாட்டேன். எத்தனையோ பேர் மனைவிகள் மேலே நின்று பெயர் சூட்டுவதைக் கீழே உட்கார்ந்து பார்த்தவள் நான். எங்கள் ஆற்றின் பெயர் வேறு. ஒரு தரம் நாமும் செய்துவிட்டால்தான் என்ன என்று மனசு சபலப்பட்டது.

தேதியை உறுதி செய்ய இவர் இன்னொரு முறை வந்தபோது, கிளம்பும் நேரத்தில் கார்க் கதவருகே போய் நின்றேன். யாரும் கேட்கிற தூரத்தில் இல்லை.

"ஒரு நாள் வர்றேன். அது முடிஞ்சதும் எங்க ஜனங்களோட பஸ்ல ஆம்பூருக்கே திரும்பிடுவேன். அதுக்கப்புறம் நீங்க இந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. இது என் வீடு."

அவர் கார்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன வார்த்தை! மடத்தனமாக, அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்தது தேங்காய்ப் பிரச்சினை. எங்கள் சபையில் யாரும் தேங்காய் உடைப்பதில்லை. குழம்புக்கு உடைப்போம், கையில் வைத்துக் கத்தியின் முதுகால் தட்டி, தண்ணீரை டம்ளரில் பிடித்து. சடங்காக உடைக்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் கூடாது என்றார். ஒருவர், மேல்நாட்டில் இதற்கு மது பாட்டிலை உடைக்கிறார்கள், அதற்குத் தேங்காய் தேவலை என்றார். கடைசியில் போதகர், "கப்பல் இரும்பு, விக்கிரகம் இல்லை, அம்மா தாராளமாக உடைக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். என்னை இதிலிருந்து காப்பாற்ற வேதத்தில்கூட ஒரு வசனம் இல்லாமல் போயிற்று.

சோபனா கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள், கோயிலில் தேங்காய் உடைத்துப் பழகியவள். அவள்தான் பின்பக்கத் துவைகல்லில் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் போட்ட முதல் தேங்காய் உருண்டு சாக்கடைக்குப் போயிற்று. இரண்டாவது என் கால்மேல் விழப் பார்த்தது.

"அண்ணி, நீங்க யோசிக்கறீங்க. யோசிச்சா கை தளர்ந்துடும். ஓங்கினா விட்டுடணும்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் தேங்காய்ச் சட்னிதான். ஒரு நாள் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள், "அவர் சொன்ன சரியை நம்பறீங்களா அண்ணி?"

"சொன்னாரே" என்றேன்.

"மேடையில சொன்னதையா காப்பாத்துவாரு, கார்கிட்ட சொன்னதையா?"

நான் இன்னொரு தேங்காயை எடுத்தேன்.

விழா நாளில் கப்பல் கட்டும் தளம் திருவிழாவாக இருந்தது. பந்தல், கொடிகள், வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாக அதிகாரிகள். நடுவில் சாம்பல் வர்ணத்தில் கப்பல், பத்து மாடி வீடு தரையில் ஏறி உட்கார்ந்த மாதிரி. எங்கள் ஆம்பூர்க்காரர்களுக்கு இடது பக்கம் தனி வரிசை. எல்லாப் பெண்களும் பட்டு. தில்ஷாத் புது புர்காவில் முன் வரிசையைப் பிடித்துவிட்டிருந்தாள். என்னை மேடையில் இவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கையில் அட்டையைக் கொடுத்தார்கள்.

இவர் பேச எழுந்தார். முதலில் ஆங்கிலத்தில் கடல், பாதுகாப்பு, எதிர்காலம். எல்லாம் எனக்கு மனப்பாடம், எங்கே நிறுத்துவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பதுவரை. அப்புறம் இடது பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"ஆம்பூரிலிருந்து என் மக்கள் வந்திருக்கிறார்கள். நம் பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று வருத்தப்படுகிறோம். இனி வருத்தப்படாதீர்கள். இந்தப் பாலாறு தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது!"

எங்கள் வரிசை விசிலடித்தது. அவர் குரலை இறக்கினார்.

"என் மாமனார் சாமுவேல், டேனரித் தொட்டியில் முழங்கால் ஆழத்தில் நின்று மகளைப் படிக்க வைத்தவர். அவர் இறந்த செய்தி வந்த நாளில் நாங்கள் இதே மாதிரி ஒரு விழாவில் இருந்தோம். கடமையா, கண்ணீரா? கண்ணீரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அந்த விழாவை முடித்துக் கொடுத்தோம், நானும் என் மனைவியும்."

நானுமா? தெரிந்திருந்தால்தானே நான் கண்ணீரை அடக்க! என் அப்பாவின் சாவைக்கூட இந்த ஆள் தனக்கு ஒரு பாராவாக ஆக்கிக்கொண்டாரே! கீழே வசந்த் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். முன்வரிசையில் ஒரு பெரிய அதிகாரி மூக்கைச் சிந்தினார்.

"அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன்" என்று இவர் தொடர்ந்தார். "டெல்லியில் இருக்கலாம், விசாகப்பட்டினத்தில் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு வேண்டாம். என் மனைவி எதற்காக ஆம்பூரில் தங்கியிருக்கிறாள் என்று நினைத்தீர்கள்? எங்களுக்காக அவள் அப்பாவின் வீட்டைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். என் மாமனார் கட்டிய அந்த வீட்டில்தான் எங்கள் மிச்ச நாட்கள். இனி நான் ஆம்பூர்க்காரன்!"

கை தட்டல் பந்தலைத் தூக்கியது. பேண்டுக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். எங்கள் வரிசை எழுந்தே நின்றுவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் என் கட்டிலை, என் ஜன்னலை, என் கதவை, மாலை போட்டு எடுத்துக்கொண்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் கை தட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கை தானாகத் தட்டியது. சோபனாவை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

என்னைக் கப்பலின் மூக்குக்கு அருகே கட்டிய மேடைக்கு அழைத்துப் போனார்கள். மைக் முன்னால் இருந்தது. சிவப்புக் கயிற்றில் தேங்காய் தொங்கியது. நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் கப்பல் நகராது. கடலில் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அட்டையைப் பார்த்தேன், எழுத்து கலங்கியது. பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி, "மேடம், ப்ளீஸ்" என்று மெல்லச் சொன்னார். வாழ்நாளில் முதல் முறையாக ஆயிரம் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, மாட்டேன், அந்த வீடு என்னுடையது என்று இந்த மைக்கில் சொன்னால்? கீழே பார்த்தேன். வசந்த் புதுக் கோட்டில், அப்பாவின் சின்னப் படம் ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான், அப்பாவும் பார்க்கட்டும் என்று.

"இந்தக் கப்பலுக்குப் பாலாறு என்று பெயர் சூட்டுகிறேன். இதுவும் இதில் பயணம் செய்யும் யாவரும் எல்லாக் கடல்களிலும் நலமாக இருக்கட்டும்."

தேங்காயை விட்டேன். ஒரே அடியில் சிதறியது. கப்பல் முதலில் பின்பக்கம்தான் தண்ணீரில் இறங்கும், முகம் நம்மைப் பார்த்தபடியே இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு மெல்ல வழுக்கி, வேகமெடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே விலகிப் போயிற்று. அதற்கு வழி விட்டவள் நான், எனக்கு வழி விட ஒருவரும் இல்லை. மேடையிலேயே அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்தார்கள்.

டீயும் கேக்கும் முடிந்து எங்கள் ஜனங்கள் பஸ்ஸில் ஏறும்போது இவர் அங்கே வந்தார். "இன்னிக்கு நான் அட்மிரல் இல்ல, ஆம்பூர் மாப்பிள்ளை" என்று சொல்லிக் காரைப் பின்னால் காலியாக வரச் சொன்னார். ஜனங்கள் அவரைத் தூக்காத குறை. முன் சீட்டில் என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் வசந்தும் சோபனாவும். பின்னால் தில்ஷாத். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் அவர் தோள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, காற்றிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"வசந்த், அக்காவக் கேளு, நமக்கு எந்த ரூம்னு."

"யக்கா, மாமா கேக்கறாரு, எந்த ரூம்னு. முன் ரூம்தான் மாமா! காத்து நல்லா வரும். ஏசி மாட்டிடலாம்."

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். வாலாஜா, ஆற்காடு, வேலூர், அப்புறம் ஆம்பூர். எப்போதும் சீக்கிரம் வந்து சேராதா என்று எரிச்சலூட்டும் ரோடு அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. பஸ் ஊருக்குள் நுழைந்தால் பட்டாசு வெடிப்பார்கள், ஆரத்தி இல்லாவிட்டாலும் ஜெபம் பண்ணி இவரை வீட்டுக்குள் அழைத்துப் போவார்கள். அதற்கப்புறம் அந்த முன் அறையில் எங்களுக்கு நடுவே யார் நிற்பார்கள்? வசந்தா, சோபனாவா, அவர்கள் பிள்ளைகளா?

டூரிஸ்ட் பஸ்ஸில் மைக் இருக்கும். முதலில் பாட்டுப் பாடினார்கள். அப்புறம் ஆளாளுக்கு இரண்டு வார்த்தை. தில்ஷாத் மைக்கைப் பிடுங்கினாள்.

"எங்க வூட்டுக்காரர் ரிட்டயர் ஆயி வீட்ல உக்காந்தாரு பாருங்க, ஒரே பேஜார்! டீ இன்னும் சூடா குடு, ஃபேன ஏன் போட்ட, இதே ரோதனை. ஒரு மாசத்துல நான் பேரணாம்பட்டு தங்கச்சி வூட்டுக்கு ஓடிட்டேன். பிரிசில்லா, நீயும் ஓடிடாத!"

பஸ்ஸே சிரித்தது. இவரும் நன்றாகச் சிரித்தார். "டீச்சர் பேசட்டும், டீச்சர் பேசட்டும்" என்று என் வகுப்புப் பெண்கள் பின்னாலிருந்து கத்தினார்கள். மைக் கைமாறி என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன். கையில் அட்டை இல்லை. சோபனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்தால் கை தளர்ந்துவிடும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"எனக்குப் பேச வராது. காலைல ஒரு வரி குடுத்தாங்க, படிச்சேன்" என்றேன். "நான் முட்டி வலிக்காக ஆம்பூருக்கு வரல. இவர விட்டுட்டு வந்தேன். வீட்ட இவருக்காகத் தயார் பண்ணல. இவர் அந்த வீட்டுக்கு வர்றது எனக்கு இஷ்டமில்ல."

பஸ் வெடித்துச் சிரித்தது. தில்ஷாத் என் முதுகில் தட்டி, "சபாஷ்!" என்றாள். யாரோ விசிலடித்தார்கள். வசந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் நான் சொன்ன ஒரே உண்மை, நல்ல ஜோக்காகிவிட்டது. நான் உட்காராமல் அப்படியே நின்றேன்.

இவர் சிரித்துக்கொண்டே எழுந்து, பூவை எடுப்பதுபோல் என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். "கேட்டீங்களா? இந்தக் கிண்டலத்தான் முப்பது வருஷமா நான் தாங்கிட்டு இருக்கேன்" என்றார். மறுபடி சிரிப்பு.

வசந்த் சிரித்த வாயோடு, சேர்ந்து சிரிக்க ஆள் தேடுகிற மாதிரி, பக்கத்தில் சோபனாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான். அவள் தலையை ஒரு முறை ஆட்டினாள், ஆமாம் என்று. வசந்தின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது. அதைப் பார்த்து தில்ஷாத்தின் சிரிப்பு நின்றது. அவள் எட்டி என் கையைப் பிடித்தாள். அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் வரைக்கும் சத்தம் அடங்கியது.

இவர் இன்னும் மைக்கோடு, ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அடுத்த வரியைச் சொன்னார், கடலில் புயல் வந்தாலும் வீட்டில் வரும் புயல் என்று ஏதோ. யாரும் சிரிக்கவில்லை. அந்த வரிக்கு எப்போதும் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முதல் முறையாக அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தார். அப்புறம் பழக்கப்பட்ட பக்கமே திரும்பினார்.

"வசந்த்" என்றார், மைக்கிலேயே. "அக்காவக் கேளு, இன்னா ஆச்சுன்னு."

வசந்த் எழுந்து நின்றான். அவனுக்கு உதடு கோணியது. மாமாவிடம் அவன் இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீங்களே கேளுங்க மாமா" என்றான். "அக்கா உங்க பக்கத்துலதான் நிக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். பஸ் ஆம்பூரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் எல்லோருக்கும் கேட்டது.